பனிமலையில் சறுக்கப் போகலாமா? நம்ம கடற்கரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

இராமநாதபுரத்தில் பயண ஏற்பாடு செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம் என்னுடையது. கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி என்று கடலோர ஊர்களிலிருந்துதான் அதிகம் வருவார்கள். முன்பெல்லாம் துபாய், சிங்கப்பூர், உம்ரா என்று கேட்டவர்கள், இப்போது "சுவிட்சர்லாந்து போய்ப் பனியில சறுக்கணும்" என்று வந்து உட்காருகிறார்கள். கேட்கிற சந்தேகங்களோ பெரும்பாலும் ஒன்றேதான்.

நான் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு மே மாதம் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு, அப்புறம் ஒரு பொங்கல் சமயத்தில் அம்மாவோடும் வீட்டாரோடும். இரண்டு முறையும் போனது எங்கல்பெர்க் என்ற ஊரும் அதன் தலைக்கு மேலே இருக்கும் டிட்லிஸ் மலையும். நம்மவர்கள் அதிகம் போவதும் அங்கேதான். அதனால் பெரும்பாலும் அதை வைத்தே சொல்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணே, ஸ்கீ ரிசார்ட்னா என்ன? அது ஹோட்டலா, மலையா?

மலைதான். ஒரு மலைச்சரிவைப் பாதை பாதையாகப் பிரித்து, ஆட்களை மேலே ஏற்றிவிட ரோப் காரும் நாற்காலி லிஃப்டும் போட்டு, காலையில் திறந்து சாயங்காலம் 4 மணி சுமாருக்கு மூடுகிறார்கள். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் பெயர்தான் சறுக்குத் தலம். ஹோட்டல், கடை, வாடகைக்குப் பலகை தருகிற இடம் எல்லாம் அடிவாரத்து ஊரில் இருக்கும். காலில் இரண்டு நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு, கையில் இரண்டு கம்போடு மேலிருந்து கீழே வழுக்கி வருவதுதான் விளையாட்டு.

இரவில் பெரிய எந்திரங்கள் மேலும் கீழும் போய்ப் பனியை அமுக்கிச் சமப்படுத்தும். காலையில் முதல் ஆளாகப் போய்ப் பாருங்கள், சரிவு முழுக்க கோரைப்பாய் விரித்தது போலக் கோடு கோடாக இருக்கும். பத்து மணிக்குள் அந்தக் கோடெல்லாம் கலைந்துவிடும்.

துபாய்லயே உள்ளுக்குள்ள பனிச்சறுக்கு இருக்கே, அது பத்தாதா?

கீழக்கரையில் இதைக் கேட்காதவர் இல்லை, வீட்டுக்கு ஒருவர் துபாயில் இருப்பதால். 2005-இல் திறந்த ஸ்கீ துபாயில் மிக நீளமான பாதையே 400 மீட்டர்தான். பனியைத் தொட்டுப் பார்க்க, பிள்ளைகள் விளையாட அது போதும். மலையும் வானமும் காற்றும் அங்கே கிடையாது.

ஆனால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். சுவிஸ் போய் உண்மையிலேயே சறுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், வழியில் துபாயில் இரண்டு வகுப்பு எடுத்துக்கொண்டு போனால் பெரிய லாபம். பூட்ஸ் மாட்டுவது, நிற்பது, விழுந்து எழுவது எல்லாம் அங்கேயே பழகிவிடும். சுவிஸில் அந்த முதல் நாள் மிச்சம்.

எப்பப் போனா பனி இருக்கும்? மே மாசம் பள்ளிக்கூட லீவுல போகலாமா?

பனி பார்க்க மட்டும் என்றால் மே மாதம் போகலாம். சறுக்க என்றால் வேண்டாம். சறுக்குப் பருவம் டிசம்பரில் தொடங்கி ஈஸ்டர் வாக்கில் முடிந்துவிடும். டிட்லிஸ் போல உயரமான இடங்களில் மேல் பகுதி மட்டும் மே வரை ஓடும். நான் மே மாதம் போனபோது அடிவாரம் பச்சைப் பசேல் என்று மாடு மேய்ந்துகொண்டிருந்தது. உச்சியில் மட்டும் பனி. அந்தப் பனியும் மதியத்துக்குள் இளகி, கால் புதைய ஆரம்பித்துவிட்டது.

வாலிநோக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஜனவரியில் விழும் புதுப் பனி தூள் உப்பு மாதிரி, ஊதினால் பறக்கும். ஏப்ரல், மே பனி பகலில் உருகி ராத்திரி உறைந்து, உறைந்து உருகி, கல்லுப்பு போலப் பருமணியாகிவிடும். காலையில் அது கெட்டிப் பாறை, பதினொரு மணிக்கு நல்ல பதம், இரண்டு மணிக்குச் சேறு.

அரையாண்டு விடுமுறையில் போகலாமா என்றும் கேட்பார்கள். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அங்கே விலை உச்சம், கூட்டமும் உச்சம். பிப்ரவரியில் அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவதால் மறுபடி கூட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில், ஜனவரி பாதியில், ஒரு காலியான காலம் வரும். பனி நன்றாக இருக்கும், அறை வாடகை இறங்கியிருக்கும். அது நம் பொங்கல் விடுமுறையோடு வந்து பொருந்துவது நமக்கு அமைந்த யோகம். பிள்ளைகளுக்கு நாலு நாள் கூடுதல் லீவு வாங்க முடிந்தால் அதுதான் சரியான காலம்.

காஷ்மீர்ல இல்லாத பனியா? குல்மார்க் போனா பத்தாதா?

குல்மார்க் நல்ல இடம். சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து இரண்டு கட்டமாக ரோப் கார் ஏறி ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை போகும். அது ஐரோப்பாவில் பல இடங்களைவிட உயரம். விசா வேண்டாம், செலவு பல மடங்கு குறைவு, கற்றுக்கொடுக்க அரசு பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. முதல் முறை பனி பார்க்கிறவர்களுக்கு நான் பெரும்பாலும் குல்மார்க்கைத்தான் சொல்கிறேன்.

குறை என்றால், சமப்படுத்திய பாதைகள் கொஞ்சம்தான். மேல் கட்டம் முழுக்க இயற்கையான சரிவு, தேர்ந்தவர்களுக்கு மட்டும் உரியது. பனி தவறினால் சமாளிக்கவும் வழி குறைவு. 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் புல் காய்ந்து கிடந்தது, மாதக் கடைசியில்தான் விழ ஆரம்பித்தது. முன்கூட்டிச் சீட்டு எடுத்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். உத்தராகண்டில் இருக்கும் ஔலியும் சிறிய அழகான இடம்தான். ஆனால் 2023-இல் ஜோஷிமடத்தில் நிலம் இறங்கியபோது அங்கிருந்து மேலே போகும் ரோப் காரை நிறுத்தினார்கள். அதனால் ஔலி கேட்பவர்களிடம், வண்டிப் பாதை, ரோப் கார் இரண்டின் நிலவரத்தையும் கேட்டுக்கொண்டு கிளம்பச் சொல்கிறேன்.

ஒரு எடம் நல்லதா இல்லையான்னு போறதுக்கு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது? படத்துல எல்லாமே அழகா இருக்கே.

முதலில் உங்கள் கூட்டத்தை எண்ணுங்கள். எத்தனை பேர் பலகை மாட்டப் போகிறார்கள், எத்தனை பேர் பனியைப் பார்த்து, தொட்டு, படம் எடுத்துவிட்டு வரப் போகிறார்கள்? நான் பார்த்தவரை நம் பக்கத்துக் குடும்பத்தில் பத்துப் பேர் போனால் இரண்டு பேர்தான் சறுக்குவார்கள். ஆனால் இடம் தேர்ந்தெடுக்கும்போது "உலகத்திலேயே சிறந்த சறுக்குத் தலம்" என்ற பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியல் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள் தங்களுக்காகப் போட்டது. உங்கள் எட்டுப் பேருக்கு அதில் ஒன்றும் இல்லை.

பார்க்கிறவர்கள் அதிகம் என்றால், நடந்து போகிறவர்களுக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். உட்கார இடம், சூடாகக் குடிக்க ஏதாவது, பிள்ளைகளுக்குச் சறுக்கு வண்டி, உள்ளே நின்று பார்க்கக் கண்ணாடி மண்டபம். இதற்கு, சுவிஸிலேயே இன்னொரு மலைப்பக்கம் இருக்கும் யுங்ஃபிராவ்யோக் என்ற இடம் மிக வசதி. 3,454 மீட்டர் உயரம் வரை 1912-இலிருந்து ரயிலே போகிறது. ரயில் பெரும்பாலும் மலைக்குள் குகைப்பாதையில் போவதால் காற்றும் மழையும் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை.

சறுக்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது வேறு. புதியவர்கள் பழகும் சரிவு எந்த உயரத்தில் இருக்கிறது? ஊரை ஒட்டி 1,000 மீட்டரில் மட்டும் இருந்தால், மழை பெய்து பனி கரைந்த வாரத்தில் வகுப்பே நடக்காது. பனி தூவும் எந்திரம் வைத்திருக்கிறோம் என்பார்கள். பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாவது கீழே போனால்தான் அது வேலை செய்யும். சரிவு வடக்குப் பார்த்திருந்தால் வெயில் குறைவு, பனி நிற்கும். தங்கும் இடத்திலிருந்து லிஃப்டுக்கு எவ்வளவு தூரம்? சறுக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டு அரை கிலோமீட்டர் நடப்பது, ஈர மணலில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போவது போல. அதை வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அறை எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அப்ப டிட்லிஸ் நல்லதா, மோசமா? நேரடியாச் சொல்லுங்கண்ணே.

பார்க்கப் போகிறவர்களுக்கு மிக நல்லது. லூசர்ன் நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் எங்கல்பெர்க். அங்கே 1,000 மீட்டர் உயரத்தில் கிளம்பி, அரை மணி நேரத்தில் 3,020 மீட்டருக்குப் போய்விடலாம். கடைசிக் கட்டத்தில் வரும் ரோப் கார், ஏறும்போதே தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகும். 1992-இல் வந்தது, உலகத்தில் அந்த வகையில் முதலாவது. யார் எந்தப் பக்கம் நின்றாலும் மலை முழுக்கப் பார்த்துவிடலாம். ஜன்னலுக்குச் சண்டை இல்லை. மேலே ஒரு தொங்கு பாலம், பனிக்குகை, கடை, சாப்பாடு எல்லாம் உண்டு. நடுவழியில், ஏறக்குறைய 1,800 மீட்டரில், ட்ரூப்ஸே என்ற ஏரி குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும். அம்மாவுக்கு உச்சியைவிட அதுதான் பிடித்தது. குனிந்து ஒரு கைப்பிடி பனி எடுத்து, உப்புப் பதம் பார்ப்பதுபோல விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சத்தம் போடுதுடா" என்றார்கள். கடும் குளிரில் பனி காலுக்கடியில் நறநறவென்று சத்தம் போடும். படத்தில் அது கேட்காது.

புதிதாகச் சறுக்கக் கற்கிறவர்களுக்கு அவ்வளவு நல்லதில்லை. மேலிருந்து அடிவாரம் வரை 2,000 மீட்டர் இறக்கம் என்பது தேர்ந்தவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் புதியவர்களுக்கு உரிய சரிவுகள் சின்னச் சின்னதாக அங்கங்கே பிரிந்து கிடக்கின்றன. நடுத்தரப் பாதைகளே செங்குத்தாகத்தான் இருக்கும். காலை பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வந்துவிட்டால் வரிசையில் நிற்பதிலேயே நேரம் போகும். அதனால் முதல் ரோப் காரில் ஏறிவிடுங்கள். இன்னொரு குறை காற்று. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

காத்தடிச்சா ரோப் காரை நிறுத்திடுவாங்களாமே? கட்டின காசு போயிடுமா?

பாம்பன் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைத்த காலத்தைப் பார்த்தவர்கள் நாம். அதே கணக்குத்தான். கம்பியில் தொங்குகிற பெட்டி காற்றுக்கு ஆடும். அளவு மீறினால் மேல் கட்டத்தை மூடிவிடுவார்கள். டிட்லிஸ் பக்கம் இதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. தெற்கிலிருந்து ஆல்ப்ஸ் மேல் ஏறி, ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வடக்குப் பள்ளத்தாக்கில் சூடாகவும் வறண்டும் இறங்குகிற காற்றை அங்கே ஃபோன் (Föhn) என்கிறார்கள். ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் வறண்டு வீசுகிற கச்சானுக்கு அது உறவுக்காரக் காற்று. வானம் பளிச்சென்று இருக்கும், வெயில் அடிக்கும், ஆனால் மேலே லிஃப்ட் ஓடாது. அதுதான் நம்மவர்களுக்குப் புரிவதில்லை: "வெயிலடிக்குதே, ஏன் மூடியிருக்கான்?"

காசு விஷயத்தில் நான் ஒரு தடவை பட்டிருக்கிறேன். மே மாதம் எட்டுப் பேருக்கும் இணையத்தில் ஒரு இடைத்தரகரிடம் தேதி குறித்த மலிவுச் சீட்டு வாங்கினேன். அன்று காற்றினால் மேல் கட்டம் மூடல். சீட்டைத் திருப்ப முடியாது என்று விதியில் இருந்தது. நான்தான் சரியாகப் படிக்கவில்லை. எட்டுப் பேர் காசு. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்கப்புறம் மலைச் சீட்டை முந்தின நாள் மாலை, அல்லது அன்று காலை, மேலே உள்ள கேமராவில் நிலவரம் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். எல்லாச் சறுக்குத் தலமும் இந்த நேரடிக் கேமராப் படத்தை இலவசமாகவே போடுகிறது. எந்த லிஃப்ட் ஓடுகிறது, எது நிற்கிறது என்ற பட்டியலும் கூடவே இருக்கும்.

நீலம், சிவப்பு, கறுப்புன்னு கம்பம் நட்டிருக்காங்களே, அது என்ன கணக்கு?

பாதையின் சரிவைச் சொல்கிற நிறம். நீலம் எளிது: 100 மீட்டர் போனால் 25 மீட்டருக்கு மேல் இறங்காது. சிவப்பு 40 வரை. அதற்கு மேல் கறுப்பு. பிரான்சில் நீலத்துக்கும் கீழே பச்சை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சுவிஸில் மஞ்சள் பார்த்தீர்கள் என்றால் ஏமாந்துவிடாதீர்கள், அது எளிய பாதை இல்லை. குறியிட்ட வழிதான், ஆனால் பனியைச் சமப்படுத்த மாட்டார்கள், சாயங்காலம் யாரும் வந்து பார்க்கவும் மாட்டார்கள்.

நிறம் சரிவைத்தான் சொல்லும், பனியின் பதத்தைச் சொல்லாது. காலையில் கெட்டியாக உறைந்த நீலப் பாதை, நல்ல பனி விழுந்த சிவப்பைவிடப் பயமாக இருக்கும். இன்னொன்று, சறுக்கும்போது உங்களுக்கு முன்னால், கீழே போகிறவருக்குத்தான் முன்னுரிமை. பின்னாலிருந்து வருகிறவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும். பலகையில் ஹாரன் கிடையாது.

ஒரு நாள்ல கத்துக்க முடியுமா? நான் சின்ன வயசுலேருந்து வள்ளத்துல நிக்கிறவன், தடுமாற மாட்டேன்.

அலையில் வள்ளத்தின் மேல் நிற்கிற கால் உண்மையிலேயே உதவும். முழங்காலை இளக்கமாக மடக்கி வைத்து நிற்கிற பழக்கம் உங்களுக்கு ஏற்கனவே இருக்கிறது. ஆனால் வள்ளத்தில் பின்னால் சாய்ந்து சமாளிக்கலாம், பலகையில் பின்னால் சாய்ந்தால் பலகை உங்களை விட்டுவிட்டு ஓடும். பயம் வந்ததும் உடம்பு பின்னால்தான் போகும். அதை முன்னால் கொண்டுவரப் பழகுவதுதான் முதல் நாள் பாடம்.

பலகைகளின் முன் நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது "பீட்சா" என்று கத்துவார்கள், முக்கோணத் துண்டு போல இருப்பதால். ஒரு நாளில் இது வரும், சின்னச் சரிவில் நின்று திரும்பவும் வரும். நீலப் பாதையில் தைரியமாக இறங்க மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் பலகைக்குப் பதில் சறுக்கு வண்டியில் உட்கார்ந்து இறங்குங்கள். அதில் முதல் பத்து நிமிடத்திலேயே சந்தோஷம் கிடைத்துவிடும்.

என்ன உடுப்பு வாங்கணும்? அம்மா சேலைதான் கட்டுவாங்க.

உள்ளே பருத்தி பனியன் மட்டும் வேண்டாம். வேர்வையை உறிஞ்சி ஈரமாக வைத்திருக்கும், நின்றதும் குளிர் எலும்பில் இறங்கும். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் கம்பளி, அதன் மேல் காற்றும் ஈரமும் புகாத மேலுடுப்பு. இந்த மேலுடுப்பை இங்கே வாங்கிச் சுமக்காதீர்கள், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸுக்குள் ஒரே ஒரு சாக்ஸ். இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் நின்று விரல் இன்னும் விறைக்கும்.

சேலைக்குள் தெர்மல் போட்டு, மேலே நீள ஜாக்கெட், நல்ல பிடிப்புள்ள பூட்ஸ் என்றால் பார்க்கிற மேடை வரை தாராளமாகப் போகலாம், அம்மா அப்படித்தான் வந்தார்கள். நாற்காலி லிஃப்டிலும் சறுக்கு வண்டியிலும் மட்டும் சேலை, நீளத் துப்பட்டா, புர்கா எதுவும் தொங்கக் கூடாது. மெல்லிய ஹிஜாபின் மேல் தலைக்கவசம் சரியாகவே உட்காரும். எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். நம் கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதம் போலத் திருப்பி அடிக்கிறது. புதுப் பனி 80 சதவீதம் வரை அடிக்கும். ஒரு மணி நேரம் வெறுங்கண்ணோடு நின்றுவிட்டு, ராத்திரி கண்ணில் மணல் போட்டதுபோல எரிகிறது என்று அழுதவர்களை எனக்குத் தெரியும்.

எங்க உம்மாவுக்கு 68 வயசு, பிரஷர் இருக்கு. கூட்டிட்டுப் போகலாமா?

கிளம்புவதற்கு முன் அவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் "3,000 மீட்டர் உயரம், ரோப் காரில் அரை மணியில் ஏறுகிறோம்" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். "வெளிநாடு போகலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை லேசாகக் கனக்கும்.

அம்மாவை நான் ட்ரூப்ஸேயில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, தேநீர் குடிக்கவைத்து, அப்புறம்தான் மேலே கூட்டிப்போனேன். மேலே முக்கால் மணி நேரம், அதற்கு மேல் இல்லை. வேகமாக நடக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தலைவலியோ வாந்தியோ வந்தால் மாத்திரை தேடாதீர்கள். அடுத்த பெட்டியில் கீழே இறங்கிவிடுங்கள்.

நான் சங்கு குளிக்கிறவன். மூச்சடக்கத் தெரியும். எனக்கு உயரம் ஒண்ணும் செய்யாதுல்ல?

மூச்சடக்கும் பழக்கம் இதற்கு உதவாது தம்பி. உயரம் ஒத்துக்கொள்வது உடம்பு வாகைப் பொறுத்தது, பயில்வானுக்கும் தலை சுற்றும். உங்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கம்ப்ரசர் குழாய் வைத்து மூழ்கிவிட்டு உடனே விமானம் ஏறக் கூடாது. கடைசியாக மூழ்கியதிலிருந்து குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாளுக்கு மேலேயே இடைவெளி விடுங்கள். இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன், அழுத்தம் குறையும்போது குமிழாகிவிடும். கைகால் முடங்கிப்போகிற அளவுக்கு ஆபத்து அது.

அங்க ஹலால் கிடைக்குமா? சைவக்காரங்க என்ன பண்றது?

மலை மேல் ஹலால் இறைச்சியை நம்பிப் போகாதீர்கள். சைவமாகச் சாப்பிடுவதே இரண்டு தரப்புக்கும் சுலபம். துருவிய உருளைக்கிழங்கை வார்த்து எடுக்கிற ரோஷ்டி, பாலாடைக்கட்டி போட்ட மாக்கரோனி, சூப், ரொட்டி எல்லா இடத்திலும் உண்டு. ரோஷ்டியிலும் மாக்கரோனியிலும் பன்றி இறைச்சித் துண்டு போடும் வழக்கம் இருக்கிறது, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முக்கியமாக ஒன்று: பாலாடைக்கட்டியை உருக்கித் தருகிற ஃபாண்டூவில் வெள்ளை ஒயின் ஊற்றித்தான் காய்ச்சுவார்கள். "சைவம்தானே" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், அவர்கள் சொல்வதும் சரி. "ஒயின் இருக்கா?" என்று தனியாகக் கேட்க வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசு கரைக்க வேண்டாம்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

விமானமும் அறையும் ஆளுக்கு ஆள் மாறும். மலையில் ஆகிற செலவை மட்டும் சொல்கிறேன். ஒரு ஃபிராங்க் நம் காசில் 100 ரூபாய்க்கு மேல். டிட்லிஸ் மேலே போய்வர ஆளுக்கு 100 ஃபிராங்க் அளவில் ஆகும். சுவிஸ் ரயில் பாஸ் வைத்திருந்தால் சலுகை உண்டு. சறுக்குகிறவருக்கு லிஃப்ட் சீட்டு, பலகை, பூட்ஸ், உடுப்பு, அரைநாள் வகுப்பு என்று கூட்டினால் நாளொன்றுக்கு 200 ஃபிராங்கைத் தாண்டிவிடும்.

மிச்சம் பிடிக்க ஒரு வழி: முதல் நாள் மலை முழுவதற்குமான சீட்டை வாங்காதீர்கள். புதியவர்கள் பழகும் சரிவுக்கு மட்டும் தனிச் சீட்டு மலிவாகக் கிடைக்கும். முதல் நாள் நீங்கள் அந்தச் சரிவைத் தாண்டப் போவதில்லை.

விசா இன்ஷூரன்ஸ் போட்டிருக்கோம்ல, அது போதும்தானே?

இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சுவிஸ் உள்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள், போடுகிறோம். ஆனால் பல காப்பீடுகளில் "குளிர்கால விளையாட்டு நீங்கலாக" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். சறுக்கி விழுந்து கால் முறிந்தால் அந்தக் காப்பீடு ஒரு பைசா தராது. மலையிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கினால் அந்தச் செலவும் உங்கள் தலையில். சறுக்கு வண்டியில் மட்டும் ஏறுகிறவர்களும் இந்த வரியைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுவிஸில் ஆம்புலன்ஸுக்கு 144, மலை மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414. எண் மறந்துபோனால் 112. விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பொங்கலுக்குப் போக ஆசைப்பட்டால் புரட்டாசியிலேயே தொடங்கிவிடுங்கள்.

பனிச்சரிவு வந்து மூடிடுமே, அந்தப் பயம் இல்லையா?

திறந்திருக்கும் பாதைக்குள் இருந்தால் பயம் மிகக் குறைவு. நம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதுபோல அங்கே தினமும் பனிச்சரிவு எச்சரிக்கை எண் வெளியிடுவார்கள். நம் கூண்டு 11 வரை போகும், அவர்களுடையது 5 வரை. நம்மவர்கள் இதில் ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்: 5-க்கு 3 என்றால் நடுத்தரம், பரவாயில்லை என்று. அப்படி இல்லை. 3 என்றாலே பாதைக்கு வெளியே ஆள் சாகிற அளவுக்கு ஆபத்து. கயிறு கட்டித் தடுத்த இடத்துக்கு அப்பால் யாரோ போன தடம் தெரியும். அந்தத் தடம் பாதுகாப்புக்குச் சாட்சி இல்லை. கூண்டு ஏற்றியிருக்கும்போது ஒரு வள்ளம் போய்விட்டு வந்தது என்பதற்காக நாம் கடலுக்குப் போவோமா?

பனியெல்லாம் உருகுதுன்னு சொல்றாங்க. இன்னும் பத்து வருஷம் கழிச்சுப் போனா இருக்குமா?

குளிர்காலப் பனி உயரமான இடங்களில் இருக்கும். பல காலமாகச் சேர்ந்த பனியாறுகள்தான் கண்ணெதிரே கரைகின்றன. 2022, 2023 என்ற இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. டிட்லிஸில் கோடையில் பனியாற்றின் ஒரு பகுதியை வெள்ளைத் துணி போர்த்தி வெயிலிலிருந்து காக்கிறார்கள். வருடம் முழுவதும் சறுக்கலாம் என்று பெயரெடுத்த செர்மட்டிலேயே 2022 கோடையில் சறுக்கை நிறுத்த வேண்டி வந்தது.

அதனால் இடம் தேர்ந்தெடுக்கும்போது உயரத்துக்கு இனி கூடுதல் மதிப்புக் கொடுங்கள். தாழ்வான ஊர்கள் அழகாகவும் மலிவாகவும் இருக்கும், ஆனால் ஒரு வாரம் மழை பெய்தால் புல்தான் மிஞ்சும். கடல் ஏறிவந்து தனுஷ்கோடியைக் கொண்டுபோனதைப் பார்த்த மாவட்டக்காரர்கள் நாம். இயற்கை இடம் மாறும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கையில ஒரே ஒரு நாள்தான். காலையில எந்திரிச்சுப் பாத்தா ஜன்னல்ல ஒரே மேகம். போகவா, வேண்டாமா?

ஜன்னலை நம்பாதீர்கள், கேமராவைப் பாருங்கள். குளிர்காலத்தில் லூசர்ன் போன்ற தாழ்வான ஊர்களில் மூடுபனி தரையோடு படிந்து நாள் கணக்கில் நிற்கும். அது பெரும்பாலும் 1,000 மீட்டர் உயரத்துக்குள் முடிந்துவிடும், அதற்கு மேல் நல்ல வெயில். கேமராவில் உச்சி தெளிவாக இருந்து லிஃப்ட் பட்டியலில் மேல் கட்டம் ஓடுகிறது என்றால் முதல் ரயிலைப் பிடியுங்கள். உச்சியும் வெள்ளையாக இருந்தால், அல்லது மேலே சொன்ன தெற்குக் காற்று வீசினால், உச்சிச் சீட்டுக்குக் காசு போடாதீர்கள். எங்கல்பெர்க் வரை மட்டும் போய், 1120-இல் தொடங்கிய மடாலயத்தைப் பார்த்துவிட்டு, ட்ரூப்ஸே வரை ஓடினால் அங்கே பிள்ளைகளைப் பனியில் விளையாட விடுங்கள்.

பொங்கலுக்கு மறுநாள் எங்களுக்கு இப்படித்தான் ஆனது. லூசர்னில் எதிர் வீடு தெரியாத மூட்டம். கேமராவில் வெயில். அம்மா நம்பவே இல்லை, என்னைத் திட்டிக்கொண்டேதான் ரயிலில் ஏறினார்கள். மேலே போய் மேடையில் நின்று வடக்கே பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைக் கடல், நடுநடுவே தீவு தீவாக மலை உச்சிகள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு அடியிலயாடா நாம படுத்திருந்தோம்?" என்று கேட்டார்கள்.